போரில் பட்டோரும் அவர்தம் வீட்டாரும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டார நினைவுக் கற்கள்

போரில் உயிர்நீத்தோரின் பெயர்களைக் கல்லிற் பொறித்து ஊரறிய நிறுத்துவது இன்று உலகெங்கும் காணப்படும் வழக்கமாகும். புதுதில்லியில் 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில், தியாக சக்கரம் எனப் பெயரிய வட்டச் சுவர்களில், திறப்பு நாளிலேயே 25,942 வீரர்களின் பெயர்கள் இடம்பெற்றிருந்தன. சென்னைக் கடற்கரையில் கோட்டைக்கு அண்மையிலுள்ள போர் வெற்றி நினைவுச் சின்னம் முதல் உலகப்போரின் நினைவாக எழுந்து, பின்னர் நடந்த போர்களில் மாண்டோரையும் தன்னுள் ஏற்றுக்கொண்டது.

இத்தகைய சுவர்களின் முன் நிற்குங்கால் இரு வினாக்கள் நம் உள்ளத்தில் எழுதல் வேண்டும். யாருடைய பெயர் கல்லில் ஏறிற்று, யாருடைய பெயர் ஏறவில்லை என்பது ஒன்று. பெயர் ஏறியவன் விட்டுச்சென்ற தாயும் மனைவியும் மக்களும் யாது செய்தனர் என்பது மற்றொன்று. முதல் வினா பட்டவனைப் பற்றியது. இரண்டாவது அவன் வீட்டாரைப் பற்றியது. இரண்டையும் சேர்த்து வினவாத நினைவுச் சின்னம் எத்துணை உயரமானதாயினும் குறையுடையதே என்பது நம் கருத்து.

இக்கருத்தை விளக்குதற்கு விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து 1993இல் பிரிந்த விழுப்புரம் மாவட்டத்தின் இப்பகுதி, பல நூற்றாண்டுகளாகப் படைகள் நடந்த பாதையாகும். பட்டோரை நினைவுகூரும் வெவ்வேறு முறைகளை இங்கும் இதன் அண்டைப் பகுதிகளிலும் ஒருங்கே காணலாம். அவற்றைக் கால வரிசையில் நோக்குவோம்.

1. நடுகல்லும் பெயரும்

தமிழர் போரில் பட்டோர்க்குக் கல் நடுதலைத் தொன்றுதொட்டு மேற்கொண்டு வந்தனர். ஏற்ற கல்லைத் தேர்தல், நீராட்டுதல், நடுதல், சிறப்புச் செய்தல், வாழ்த்துதல் என அதன் படிமுறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துரைக்கிறது. இலக்கியம் கூறிய இவ்வழக்கத்திற்குத் தொன்மையான கற்சான்றுகள் 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டன. தமிழ் பிராமி எழுத்தில் அமைந்த அந்நடுகற்களுள் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனின் பெயரையும் ஊரையும் சில சொற்களில் கூறுகிறது.

நாம் பேசும் வட்டாரத்திற்கு மேற்கே இத்தகைய கற்கள் மிகுதி. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியே திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலை அப்பாற் செங்கத்திற்கு நீள்கிறது. அச்செங்கம் பகுதியில் பல்லவர் காலத்து நடுகற்கள் திரளாகக் கிடைத்தன. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூல் அவற்றை அறிஞருலகிற்கு அறிமுகம் செய்தது. அக்கற்களில் முதற்கண் ஆளும் மன்னனின் பெயரும் ஆட்சியாண்டும் வரும். பின்னர் ஊர், அவ்வூர்த் தலைவன், பூசல் நேர்ந்த காரணம், இறுதியாகப் பட்டவனின் பெயர் ஆகியன வரும். எழுத்தின் மேலோ கீழோ வில்லும் வாளும் ஏந்திய வீரனின் உருவம் செதுக்கப்பட்டிருக்கும்.

இக்கற்களுள் அரசர்க்கு எடுத்தவை அரிது. பெரும்பாலானவை ஊர்க்காவலர்க்கும் ஆநிரை மீட்டோர்க்கும் சிறு தலைவரின் சேவகர்க்கும் எடுத்தவை. எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்தில் நாட்டப்பட்ட கல்லொன்று, கள்வரோடு பொருது பட்ட வீரனை மட்டுமன்றி, கள்வரைக் கடித்து அவனருகே காத்துநின்ற நாயையும் குறிப்பிடுகிறது. அந்நாயின் பெயர் கோவிவன் என்று கல்லில் எழுதியிருக்கிறது.

விழுப்புரம் மாவட்டத்திலேயே இதற்கொப்பான சான்று உண்டு. அரசலாபுரத்தில் கிடைத்த கல்லொன்றில் சண்டைச் சேவலின் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. எழுத்தமைதியால் ஏறக்குறைய கி.பி. 5ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அக்கல், அச்சேவல் முகையூரின் மேற்சேரியைச் சார்ந்தது என்று கூறுகிறது. சேவற்போரில் மாண்ட கோழிக்கும் ஊர் இன்னது, சேரி இன்னது என்று எழுதி வைத்த நாடு இது. இச்செய்தியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். இதனோடு ஒப்பிடவேண்டிய கற்கள் பின்னே வருகின்றன.

நடுகற்களை மிகைப்படப் போற்றுதலும் தகாது. ஆநிரை மீட்டவனுக்கும் கல் உண்டு, ஆநிரை கவர்ந்தவனுக்கும் கல் உண்டு. பூசல் அறமுடையதா என்பதை அக்கற்கள் ஆராய்வதில்லை. எதிர்ப்பக்கத்தில் மாண்டோரையும் அவை எண்ணுவதில்லை. எனினும் தன்பொருட்டு இறந்தவனைப் பெயரில்லாமல் விட்டுவிட ஊர் ஒருப்படவில்லை என்பது தெளிவு.

2. உதிரப்பட்டியும் சதிக்கல்லும்

பட்டவனின் வீட்டார்க்கு ஊர் யாது செய்தது? இவ்வினாவிற்கும் கல்வெட்டுக்கள் விடை தருகின்றன. வீரன் இறந்தபின் அவன் குடும்பத்தார்க்கு நிலம் விடப்பட்டதைப் பல கல்வெட்டுக்கள் குறிக்கின்றன. அந்நிலத்திற்கு உதிரப்பட்டி என்று பெயர். நெய்த்தோர் என்பது குருதியைக் குறிக்கும் பழஞ்சொல் ஆதலின், நெய்த்தோர்ப்பட்டி எனவும் வழங்கிற்று. கன்னட நாட்டுக் கல்வெட்டுக்களிலும் இதே பொருளில் குருதிக் கொடை பேசப்படுகிறது. சிந்திய குருதிக்கு ஈடாக உழுதுண்ணும் நிலம் என்பதே இதன் கருத்து.

இவ்வேற்பாட்டின் நுட்பம் எண்ணத்தக்கது. கல் ஊரின் எல்லையில் நிற்கும். நிலம் வீட்டாரின் கையில் இருக்கும். கல்லைக் காண்போர் பெயரை அறிவர்; நிலத்தை உழும் மகன் தந்தையின் இறப்பினால் தனக்கு வந்த உரிமையையும் ஊர் தனக்குப் பட்ட கடனையும் அறிவான். ஊரார் கண்ணீர் வடித்தமையோடு நில்லாமல், வீட்டின் அடுப்பு அணையாமலிருக்க வழியும் செய்தனர்.

ஆயினும் வரலாற்றின் மறுபுறத்தையும் மறைத்தலாகாது. வீரக்கற்களோடு சதிக்கற்களும் தமிழகத்தில் உண்டு. கணவனோடு தீப்புகுந்த பெண்ணுக்கு எடுத்த கல் அது. ஒரே சமுதாயம் ஒரு கைம்பெண்ணுக்கு நிலம் அளித்தது. மற்றொருத்தி தீயில் மாய்ந்ததைப் போற்றிக் கல் நட்டது. துயருற்றவளை வாழவைப்பதும், அவளது துயரைக் காட்சிப் பொருளாக்கி அவளை அழியவிடுவதும் ஒன்றாகா. சென்னை மாகாணத்தில் சதி வழக்கம் 1830இல்தான் சட்டத்தால் தடுக்கப்பட்டது.

திண்டிவனத்திற்கு மேற்கேயுள்ள செஞ்சியில் இதனைச் சார்ந்த செய்தியொன்று மக்கள் வாயில் இன்றும் வழங்குகிறது. செஞ்சிக்கோட்டையை ஆண்ட தேசிங்கு ராஜன் 1714இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு பொருது இளமையிலேயே மாண்டான். அவன் தோழன் மகபத்கானும் அப்போரில் உயிர் துறந்தான். இந்து மன்னனும் முஸ்லிம் தோழனும் சேர்ந்து மாண்ட இக்கதையைத் தமிழ்க் கதைப்பாடல் நாடெங்கும் பரப்பியது. தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்றும், வென்ற நவாபே அவள் நினைவாக இராணிப்பேட்டை என்னும் ஊரை அமைத்தான் என்றும் வழிவழிச் செய்தி கூறுகிறது. பகைவனின் வீட்டுத் துயரை வென்றவன் மதித்தான் எனும் இச்செய்தி பாராட்டுதற்குரியது. ஆனால் ஊர்ப்பெயரில் நிற்பது அவள் இராணி என்னும் தகுதியே. அவளுடைய இயற்பெயர் அன்று.

3. கும்பினிப் படையும் கோயிற்சுவரும்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கருநாடகப் போர்களில் பொருதபோது இவ்வட்டாரம் நேரடியான போர்க்களமாயிற்று. விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட விக்கிரவாண்டியில் 1752இல் மேஜர் கின்னீரின் தலைமையில் வந்த ஆங்கிலப் படை பிரெஞ்சுப் படையிடம் தோற்றது. திண்டிவனத்திற்கு வடக்கேயுள்ள வந்தவாசியில் 1760 ஜனவரி 22ஆம் நாள் அயர் கூட்டின் படை லாலியின் படையை முறியடித்தது. மறு ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது.

இப்போர்களின் இரு புறத்திலும் தமிழ்ச் சிப்பாய்கள் பெருந்தொகையினராய் நின்றனர். அவர்கள் நிலை என்னவாயிற்று? வென்ற தளபதியாகிய கூட்டிற்குக் கும்பினியார் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் பளிங்கு நினைவுச் சின்னம் எடுத்தனர். சென்னைக் கோட்டையில் 1680இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித மரியாள் ஆலயத்தின் சுவர்களிலும் கும்பினி அதிகாரிகள் பலருக்குக் கற்பலகைகள் உண்டு. இறந்தவனின் பெயர், படைப்பிரிவு, வயது, அவனை இழந்த தாய் அல்லது மனைவியின் துயர் ஆகியவற்றை இத்தகைய கோயிற்பலகைகள் கூறுவது வழக்கம். வீட்டாரின் கண்ணீருக்கும் சுவரில் இடமளித்த நல்ல மரபே அது. ஆனால் அம்மரபு அதிகாரியின் வீட்டோடு நின்றுவிட்டது. விக்கிரவாண்டியிலும் வந்தவாசியிலும் விழுந்த சிப்பாய்க்குக் கோயிற்சுவரும் இல்லை, நடுகல்லும் இல்லை. கல் நடும் பழைய ஊர்மரபு தளர்ந்துபோயிற்று. புதிய மரபு அவனை ஏற்கவில்லை.

மதராஸ் படையில் குடும்பங்களை நோக்கிய ஏற்பாடு ஒன்று இருந்ததையும் நடுநிலையோடு கூறவேண்டும். சிப்பாய்களின் பிள்ளைகளைச் சிறுவயதிலேயே படைப்பட்டியலில் எழுதிச் சிற்றூதியம் வழங்கும் வழக்கம் அப்படையில் நெடுநாள் நிலவியது. தந்தையை இழந்த வீட்டிற்கு அது உணவாயிற்று. எனினும் உதிரப்பட்டிக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. உதிரப்பட்டி மகனை நிலத்தில் நிறுத்திற்று. இது அவனைத் தந்தை நின்ற அணியிலேயே மீண்டும் நிறுத்திற்று.

4. எண்ணாகிப்போன பெயர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சில இனத்தவரே போர்க்குணமுடையோர் என்னும் கொள்கை ஆங்கிலப் படைத்தலைவரிடையே வலுப்பெற்றது. சென்னையிலும் பின்னர் இந்தியா முழுமைக்கும் படைத்தலைவராயிருந்த ராபர்ட்ஸ் பிரபு அதனை முன்னின்று பரப்பினார். அதனால் மதராஸ் காலாட்படை சுருங்கியது. ஆயினும் சாப்பர்ஸ் எனப்படும் பொறியியற் படைப்பிரிவும் பயனியர் பிரிவுகளும் தொடர்ந்தன. பாலம் அமைத்தல், பாதை வெட்டுதல், அகழி தோண்டுதல், வேண்டுமிடத்துப் பொருதல் ஆகியன அவர்தம் பணி. இவற்றில் ஒடுக்கப்பட்ட மக்களும் கிறிஸ்தவரும் கணிசமாகச் சேர்ந்தனர். ஊரில் மறுக்கப்பட்ட மதிப்பும் முறையான ஊதியமும் அவர்கட்குப் படையில் கிட்டின.

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. இந்தியாவிலிருந்து 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கடல் கடந்தனர். 70,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெசபடோமியா எனப்பட்ட இன்றைய ஈராக் நாட்டில் இந்தியப் படைகள் பட்ட பாடு கொடியது; மதராஸ் சாப்பர்ஸ் படையினரும் அங்குப் பணியாற்றினர்.

போர் முடிந்தபின், ஆளனுப்பிய ஊர்களில் சிறு கற்பலகைகள் பதிக்கப்பட்டன. இந்தியாவின் பல பகுதிகளிலும், தமிழகத்தில் வேலூரைச் சுற்றிய ஊர்கள் உட்படப் பலவிடங்களிலும் அவை இன்றும் காணப்படுகின்றன. ஊர்ச்சுவரிலோ சாவடியிலோ பதித்த அப்பலகைகளின் வாசகம் எங்கும் ஏறக்குறைய ஒன்றே. இவ்வூரிலிருந்து 1914 முதல் 1919 வரையிலான பெரும்போருக்குச் சென்றோர் இத்தனை பேர், அவருள் உயிரீந்தோர் இத்தனை பேர் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பெயர் எதுவும் இராது.

அரசலாபுரத்துச் சேவலை இங்கு நினைவுகூர வேண்டும். சண்டையில் இறந்த கோழிக்கு ஊரும் சேரியும் எழுதிய நாட்டில், கடல் கடந்து மாண்ட மகனுக்கு எழுதப்பட்டது ஓர் எண் மட்டுமே. அதுவும் அவன் தாய் படிக்க இயலாத மொழியில். தாயின் மகன் அந்த எண்ணுள் எங்கோ அடங்கியிருந்தான்.

இது சிற்றூர்ப் பலகையோடு நின்ற குறையன்று. 1917இல் நிறுவப்பட்ட பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம், தகுதி, இனம், சமயம் என்ற வேறுபாடின்றி மாண்டோர் அனைவரையும் ஒருநிகராக நினைவுகூர்வதைத் தன் கொள்கையாக அறிவித்தது. பிரான்சு நாட்டு நவ் சாப்பலில் 1927இல் திறக்கப்பட்ட இந்திய நினைவிடத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அங்குக் கொள்கை காக்கப்பட்டது. ஆனால் 1929இல் ஈராக்கின் பாஸ்ராவில் திறக்கப்பட்ட நினைவுச் சுவரில், பிரிட்டிஷ் வீரர் யாவருடைய பெயரும் ஏற, இந்தியருள் அதிகாரிகளின் பெயர் மட்டுமே ஏறிற்று. பிற இந்திய வீரர் அவரவர் படைப்பிரிவின்கீழ் வெறும் எண்ணிக்கையாயினர். ஐரோப்பியர் வந்து காணும் மண்ணில் பெயர். காணாத மண்ணில் எண்.

அவ்வாணையத்தின் வழிவந்த காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் இவ்வேற்றுமையை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலானோருள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமனற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், மேலும் 1,16,000 பேராவது பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றும் அவ்வறிக்கை மதிப்பிட்டது. போர் முடிந்து நூறாண்டு கழிந்தபின் வந்த ஒப்புதல் இது. அதனைக் கேட்க அத்தாயரும் மனைவியரும் இல்லை.

இறையியல் மாணவர்க்கு இங்கோர் உண்மை சிந்தனைக்குரியது. அவ்வாணையத்தின் பெரிய கல்லறைத் தோட்டங்களில் நிற்கும் நினைவுக்கல்லில், இறந்தோர் பெயர் நிலைத்தலைப் பற்றிய வாசகம் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. அதனைத் தெரிந்தளித்தவர் எழுத்தாளர் கிப்ளிங். அவரும் 1915இல் தம் ஒரே மகனைப் போரில் இழந்து, உடல் கிடைக்காமல் தேடிய தந்தையாவார். அவ்வாசகம் நம் சபைகள் தள்ளுபடி ஆகமங்களுள் சேர்த்துள்ள சீராக்கின் நூலில் 44ஆம் அதிகாரத்தில், 14ஆம் வசனத்தில் உள்ளது. அதே அதிகாரத்தின் 9ஆம் வசனம், நினைவுகூரப்படாமலே மறைந்துபோனோரைப் பற்றிப் பேசுகிறது. கல்லில் ஏறியது 14ஆம் வசனம். பாஸ்ராவில் நிறைவேறியது 9ஆம் வசனம்.

5. துயருறும் வீட்டார்க்கு இடம்

எண்ணாக்கிய அதே ஆணையம் துயருற்றோர்க்குச் செய்த நன்மையொன்றையும் மறத்தலாகாது. சென்னை நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைக்கப்பட்ட போர்க் கல்லறைத் தோட்டத்தில் இரண்டாம் உலகப்போரில் மாண்ட 850க்கும் மேற்பட்டோர் அடக்கம் பண்ணப்பட்டுள்ளனர். அதிகாரியும் கடைநிலை வீரனும் ஒரே வரிசையில் உள்ளனர். கல்லின் அடியில் வீட்டார் விரும்பிய சில சொற்களைப் பொறிக்க ஆணையம் இடந்தந்தது. அரசாங்கத்தின் கல்லில் தாயின் சொல்லும் ஏறிற்று. பெயரே பெறாதவனின் தாய்க்கு அவ்வாய்ப்பு எங்ஙனம் கிட்டும்?

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் அண்மையிலுள்ள புதுச்சேரியில் வேறொரு காட்சி உண்டு. பிரெஞ்சிந்தியாவிலிருந்து சென்று முதல் உலகப்போரில் மாண்டோர்க்குக் கடற்கரைச் சாலையில் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னம் 1938இல் திறக்கப்பட்டது. அதன்முன் ஆண்டுதோறும் நவம்பர் 11ஆம் நாள் மலர்வளையம் வைக்கப்படுகிறது. அத்துடன் பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களுக்கும் அவர்தம் கைம்பெண்டிர்க்கும் பிரெஞ்சு அரசு ஓய்வூதியம் வழங்கி வந்துள்ளது. பேரரசு மறைந்தபின்னும் வீட்டார்க்குரிய கடன் மறையவில்லை.

நம் நாட்டிலும் போரில் இறந்தோர் குடும்பத்திற்கு ஓய்வூதியம் உண்டு. 1949 முதல் டிசம்பர் 7ஆம் நாள் கொடிநாளாகக் கடைப்பிடிக்கப்பட்டு, படைவீரர் குடும்பநலனுக்காக நிதி திரட்டப்படுகிறது. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இயங்குகிறது. இவையெல்லாம் பழைய உதிரப்பட்டியின் இக்கால வடிவங்கள் எனலாம். கொடிநாளன்று சட்டையிற் குத்தும் சிறு கொடி அன்று மாலையே உதிர்ந்துவிடுகிறது. அதற்கு ஈந்த காசு ஒரு வீட்டைச் சேர்கிறது என்பதை ஈவோர் எண்ணிப் பார்த்தல் நன்று.

6. குன்னத்துக் கருங்கல்

இவ்வட்டாரத்திற்கும் உலகின் நினைவுச் சுவர்களுக்கும் மற்றுமொரு தொடர்பு உண்டு. திண்டிவனத்தை அடுத்த குன்னம் என்னும் ஊரின் கருங்கல் உலகச் சந்தையில் அவ்வூர்ப் பெயராலேயே அறியப்பட்டது. நுண்ணிய மணியும் ஆழ்ந்த கருமையும் உடைய அக்கல்லை மெருகேற்றினால் கண்ணாடி போல் ஒளிரும். சப்பானியர் தம் முன்னோர் கல்லறைகளுக்கு அதனைப் பெரிதும் விரும்பி வாங்கினர். அங்குக் கல்வணிகர் அதனைக் குன்னம் என்றே அழைக்கின்றனர்.

மெருகேறிய கருங்கல்லின் இயல்பைப் பயன்கொண்ட புகழ்பெற்ற நினைவுச் சுவர் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ளது. வியட்நாம் போரில் மாண்டோர்க்காக 1982 நவம்பரில் அர்ப்பணிக்கப்பட்ட அச்சுவர், பெங்களூர்ப் பகுதியிலிருந்து சென்ற கல்லால் ஆனது. வடிவமைத்த மாயா லின் அப்போது கல்லூரி மாணவி. அதில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பதவி வேறுபாடின்றி, இறந்த நாளின் வரிசையில் பொறிக்கப்பட்டுள்ளன. பெயரைத் தேடிவரும் தாய் அதனை விரலால் தடவுகிறாள். தாளை வைத்துத் தேய்த்துப் படி எடுத்துச் செல்கிறாள். பெயர்களின் நடுவே அவள் முகமும் கல்லில் தெரிகிறது. பட்டவனுக்கும் துயருற்றவளுக்கும் ஒரே கல்லில் இடமுண்டாகிறது.

நம் மண்ணின் கல் கடல் கடந்து அயல்நாட்டார் தம் இறந்தோரைப் பெயர் சொல்லி அழைக்கத் துணைநின்றது. நம் மண்ணின் மைந்தரோ கடல் கடந்து எண்ணாயினர். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, கல்லுக்கும் தச்சனுக்கும் நம்மிடம் குறைவில்லை என்பதும், குறைந்தது பெயரைக் கேட்டு எழுதும் மனமே என்பதும் விளங்கும்.

7. செய்யவேண்டுவது

நம் வேதாகமத்திலும் வீரர் பட்டியல் உண்டு. சாமுவேலின் இரண்டாம் புத்தகம் 23ஆம் அதிகாரத்தில் தாவீதின் பராக்கிரமசாலிகள் பெயர் பெயராக எண்ணப்படுகின்றனர். முப்பத்தேழு பேர் கொண்ட அப்பட்டியலின் இறுதிப் பெயர் ஏத்தியனாகிய உரியா. அரசனின் வஞ்சனையால் போர்முனையில் மாண்டவன் அவன், அயலினத்தான், அவன் மனைவி அவனுக்காகத் துக்கங்கொண்டாடினாள் என்பதையும் அந்நூல் 11ஆம் அதிகாரத்தில் மறைக்காமல் கூறுகிறது. அரசனுக்கு நாணம் தரும் பெயரை அரசனின் வீரர் பட்டியலிலிருந்து எழுதினோர் நீக்கவில்லை. நேர்மையான நினைவுச் சுவர் அத்தகையதாய் இருத்தல் வேண்டும். போரின் பெருமையைக் கூறுதல் அதன் வேலையன்று. யார் இறந்தார், யார் அழுதார் என்பதை உள்ளவாறு கூறுதலே அதன் வேலை.

விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் ஆற்காடு மிஷனும் டேனிஷ் மிஷனும் தொண்டாற்றின. அவற்றின் வழிவந்த சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளிலும் விவாகப் பதிவேடுகளிலும் தந்தையின் தொழில் எழுதப்படுவது வழக்கம். சிப்பாய் என்றும் படைவீரர் என்றும் எழுதிய இடங்களைத் தேடினால், கல்லில் ஏறாத பெயர்கள் தாளில் கிடைத்தல் கூடும். முதியோர் உள்ள வீடுகளில் பதக்கமோ படைச்சீட்டோ ஓய்வூதியப் புத்தகமோ இருக்கலாம். இன்றைய நினைவில் உள்ளதை எழுதிக்கொள்ளாவிடின், இன்னும் ஒரு தலைமுறையில் அதுவும் மறையும். ஊர்ச் சாவடியில் பதித்த பலகை எங்கேனும் இருப்பின், சுண்ணாம்பு பூசி மறைக்குமுன் அதனைப் படியெடுத்தல் வேண்டும். இறையியற் கல்லூரி மாணவர் தம் விடுமுறையில் இதனைச் செய்யலாம். சமயமும் சாதியும் பாராமல், அவ்வூரிலிருந்து சென்றோர் அனைவரையும் அப்பட்டியல் கொள்ளவேண்டும். கிறிஸ்தவரை மட்டும் எழுதினால் பாஸ்ராவின் பிழையை வேறொரு விதத்தில் நாமே செய்தவராவோம்.

அண்மைக்காலப் போர்களிலும் எல்லைக் காவலிலும் மகனையோ கணவனையோ இழந்த வீடு நம் ஊர்களிலும் இருக்கக்கூடும். உடல் வந்த அன்று ஊர் திரள்கிறது, அமைச்சரும் அதிகாரிகளும் வருகின்றனர், துப்பாக்கி முழங்குகிறது. ஓராண்டு கழிந்தபின் அவ்வீட்டின் கதவைத் தட்டுவோர் சிலரே. ஓய்வூதிய விண்ணப்பத்தில் ஐயம், பிள்ளைகளின் படிப்பு, கணவன் வீட்டாரோடு நிலத்தகராறு, மறுமணம் பற்றிய ஊர்ப்பேச்சு ஆகியவற்றின் நடுவே அவள் தனித்து நிற்கிறாள். அவ்வீட்டிற்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் சென்று, இறந்தவனின் பெயரைச் சொல்லி நலம் உசாவும் ஆயரும் சபையாரும் நந்தம்பாக்கத்துக் கல்லைவிடப் பெரிய பணியைச் செய்தவராவர். விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வார்களாயின் இன்னும் நன்று.